டீம் தோத்தா கீப்பரும் மோசமுன்னு ஆயிருமாங்க?

கோபிக்காரி:
ஏனுங்க, ஹாக்கி வெவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. எங்கண்ணன் புள்ள ஸ்கூல் டீம்ல கோல்கீப்பர், பிளஸ் ஒன் படிக்குது. இப்ப ஈரோட்ல நடந்த மேட்ச்ல 4-0ன்னு தோத்துப்போட்டாங்க. நான் கோலுக்குப் பின்னாடியே நின்னு பாத்தனுங்க, முதல் பாதி பூரா பந்து நம்ம டி-க்குள்ளயேதான் (கோலுக்கு முன்னாடி இருக்கற அரைவட்டம்) கெடந்துச்சு, இவ காலை நீட்டித் தடுக்கறா, படுத்துத் தடுக்கறா, அந்தப் பேடையும் ஹெல்மெட்டையும் தூக்கிட்டு எந்திரிக்கறதுக்குள்ள ரீபவுண்டை, அதான் பட்டுத் தெறிச்ச பந்தை, எதிர் டீம்ல இன்னொருத்தி அடிக்கறா, நம்ம டிஃபென்ஸ் புள்ளைங்க ஒண்ணுகூட பக்கத்துல இல்ல. நாலுல ரெண்டு கோல் அப்படி விழுந்ததுதான். ஆனா டிஸ்ட்ரிக்ட் டீமுக்கு எடுத்தது ஜெயிச்ச டீம் கீப்பரை, அந்தப் புள்ளைக்கு மேட்ச் பூரா வந்ததே ரெண்டோ மூணோ பந்துதான். "ஒரு கோலும் விடல"ன்னு காரணம் சொல்றாங்க. அந்தப் புள்ளய நான் குறை சொல்லல, அதுவும் நல்லா ஆடும். ஆனா கீப்பரை எதை வெச்சுங்க பாக்கோணும்?

சூலூர் லெஃப்ட்பேக்:
அக்கா, நான் டிஃபென்ஸ்ல ஆடுனவன், அதனால சொல்றேன். ரீபவுண்டு எங்க போச்சுன்னு பாருங்க, அதுலயே பாதி தெரிஞ்சுரும். கீப்பர் தடுத்த பந்தை சைடுல தள்ளி விட்டிருந்தா அவ வேலை முடிஞ்சுது, அதுக்கப்புறம் அதை எடுத்து வெளிய அடிக்கறது எங்க வேலை. நேரா முன்னாடியே கொடுத்துட்டா அது கீப்பர் மேல கொஞ்சம் வரும். அப்புறம் பெனால்டி கார்னர் எத்தனை போச்சு, அதான் டி-க்குள்ள நம்ம ஆளு தப்புப் பண்ணுனா எதிர் டீமுக்குக் கொடுக்கற வாய்ப்பு? அதுல கீப்பரோட சேத்து அஞ்சு பேருதான் கோல் லைனுக்குப் பின்னாடி நிக்க முடியும், மீதிப்பேரு நடுக்கோட்டுக்கு அக்கட்ட போயிரோணும். டி-க்குள்ள கால்ல பந்தை வாங்கி வாங்கி கார்னர் கொடுக்கறது நாங்க, கோல் விழுந்தா பேரு கெடறது கீப்பருக்கு. நெம்ப அநியாயமுங்க அது.

கோவை ஸ்டிக்:
டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கங்க. 2021 ஆகஸ்ட் 5, ஜெர்மனி கூட நம்ம ஆம்பளைங்க டீம் 5-4ன்னு ஜெயிச்சு வெண்கலம் வாங்குச்சு. அடுத்த நாளே பிரிட்டன் கூட பொண்ணுங்க டீம் 4-3ன்னு தோத்து நாலாவது எடம். ரெண்டு மேட்ச்லயும் நம்ம கோலுக்குள்ள போனது நாலு நாலு. ஆம்பளைங்க டீம் கீப்பர் ஸ்ரீஜேஷ் கடைசி நொடியில வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தாரு, ஊரே கொண்டாடுச்சு, கொண்டாடோணும். பொண்ணுங்க டீம் கீப்பர் சவிதா அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஆஸ்திரேலியாவோட பெனால்டி கார்னர் ஒண்ணைக்கூட உள்ள விடாம காலிறுதியை 1-0ன்னு ஜெயிச்சுக் கொடுத்துருந்தாங்க. மெடல் வராததால அவங்க சின்ன கீப்பர் ஆயிருவாங்களா? அந்த வருசம் சர்வதேச ஹாக்கி சங்கத்தோட சிறந்த கோல்கீப்பர் விருது ஆம்பளைங்கள்ல ஸ்ரீஜேஷுக்கு, பொம்பளைங்கள்ல சவிதாவுக்கு.

திருப்பூர் டு டொராண்டோ:
இங்க ஐஸ் ஹாக்கில இதே சண்டை அந்தக் காலத்துலயே நடந்துருக்குதுங்க. என்ஹெச்எல்ங்கற இங்கத்த பெரிய லீக்ல வெசினா டிராஃபின்னு கோலிக்கு (கீப்பரை இங்க அப்படித்தான் சொல்லுவாங்க) கொடுக்கற விருது, ரொம்ப வருசமா கம்மியா கோல் வாங்குன டீமோட கோலிக்குத்தான் போச்சு. அது டீமோட கணக்கு ஆச்சேன்னு 1981-82ல மாத்துனாங்க, இப்ப டீம் ஜெனரல் மேனேஜருங்க ஓட்டுப் போட்டு எடுக்கறாங்க, கம்மி கோலுக்கு ஜென்னிங்ஸ்னு தனி டிராஃபி வெச்சுட்டாங்க. 2003ல ஃபைனல்ல தோத்த அனாஹைம் டீமோட கோலி ஜிகேருக்குத்தான் பிளே-ஆஃப்ல, அதான் நாக்-அவுட் சுத்துல, சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் டிராஃபி. வந்த ஷாட்ல எத்தனை சதவீதம் தடுத்தாங்கன்னும் பாப்பாங்க, ஆனா அதுலயும் தூரத்துல இருந்து அடிச்சதும் கிட்டத்துல இருந்து அடிச்சதும் ஒண்ணாவே எண்ணிருவாங்க, ஒரே மேட்சை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

பொள்ளாச்சி பிடி:
செலக்சன்ல உக்காந்தவன்கற முறையில ஒண்ணு சொல்லோணும் அம்மிணி. பந்து வராத மேட்ச்ல கடைசி வரைக்கும் கவனம் சிதறாம நிக்கறதும் ஒரு தெறமைதான். இன்னொண்ணு, டிஃபென்சை சத்தம் போட்டு நிறுத்தறதும் கீப்பர் வேலை, பின்னாடி இருந்து கிரவுண்டு பூரா தெரியறது அவளுக்கு மட்டும்தானே. உங்க புள்ள வாயத் தெறந்தாளா? அதுக்காக ஸ்கோர் சீட்டை மட்டும் பாத்து எடுத்ததை நான் சரின்னு சொல்லமாட்டேன். எல்லா கீப்பரையும் ஒரே கோல்ல நிறுத்தி, அடிக்கற ஆளுங்களையும் மாத்தாம ஒரே மாதிரி பந்து அடிச்சுப் பாக்கோணும். அரை நாள் போதும், செய்யத்தான் ஆளில்ல.

கோபிக்காரி:
சத்தம் போட மாட்டாளுங்க சார், அது நெசம்தான். வீட்லயே மெதுவாத்தான் பேசுவா. இதுக்குப் பழக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?

சூலூர் லெஃப்ட்பேக்:
இருக்குதுக்கா. பிராக்டீஸ்ல டிஃபென்ஸ் புள்ளைங்களைத் திரும்பிப் பாக்காம ஆடச் சொல்லுங்க, கீப்பர் பேரைச் சொல்லி "லெஃப்ட்டு", "ஸ்டெப் அப்"ன்னு கூப்ட்டாத்தான் நகரோணும். ரெண்டு வாரத்துல தொண்டை தெறந்துக்கும். அடுத்த மேட்ச்சை கோலுக்குப் பின்னாடி இருந்து போன்ல புடிச்சு வெய்யுங்க, ரீபவுண்டு எங்கெங்க போகுதுன்னு அவளே உக்காந்து பாக்கட்டும், செலக்சன்காரங்க கேட்டாலும் காட்டலாம்.