என்எய்ட்என் வழியா போஸ்ட்கிரஸுக்கு டேட்டா ஏத்துறதுல சிக்கல், உதவுங்க

வணக்கம் நண்பர்களே. ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் ஷெட்டுக்கு ஆட்டோமேஷன் வேலை. கூகுள் ஷீட்டுல லாட் நம்பர், செலக்‌ஷன் (தோலோட தரம்), சதுர அடி, தேதி எல்லாம் சூப்பர்வைசர் அடிப்பார். அதை என்எய்ட்என் (n8n, வேலைகளைத் தானா ஓட்டுற டூல்) எடுத்து போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டேபிள்ல எழுதணும்.

முதல் தலைவலி தேதி. 03/04/2025-ன்னா நமக்கு ஏப்ரல் 3. டேட்டாபேஸ் மார்ச் 4-ன்னு வாங்கிக்குது, சத்தமே இல்ல. 13/04 வந்தாதான் எர்ரர் அடிக்குது. சர்வர்ல டேட்ஸ்டைல் (தேதியைப் படிக்கிற வரிசை) எம்டிஒய், அதாவது மாதம்-நாள்-ஆண்டுன்னு இருக்கு. அதை டிஎம்ஒய் (நாள்-மாதம்-ஆண்டு) ஆக்கலாமா, இல்ல ஒர்க்ஃப்ளோவுலயே ஆண்டு-மாதம்-நாள்னு மாத்தி அனுப்பலாமா? ரெண்டாவதுதான் பாதுகாப்புன்னு படுது. ஷீட்டுல சிலது டெக்ஸ்டா, சிலது நிஜ தேதியா இருக்கே, அதை எப்படிப் பிரிக்கிறது?

அடுத்தது டூப்ளிகேட். லாட் நம்பர், செலக்‌ஷன் ரெண்டுக்கும் சேர்த்து யுனிக் (ஒரே ஜோடி ரெண்டு தடவை வரக்கூடாது) போட்டு அப்சர்ட் (இருந்தா திருத்து, இல்லன்னா புதுசா சேர்) வெச்சிருக்கேன். தரம் பிரிக்காத லாட்டுக்கு செலக்‌ஷன் காலியா, அதாவது 'நல்' (NULL, மதிப்பே இல்லாதது) ஆ வருது. அது மட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது வரியா ஏறுது, ஏன்னா ஒரு நல்லும் இன்னொரு நல்லும் சமம் இல்ல. போஸ்ட்கிரஸ் 15-ல நல்ஸ் நாட் டிஸ்டிங்ட் (யுனிக்ல நல்களையும் சமமா எடுத்துக்கிற வசதி) இருக்கு, எங்க சர்வர் 14. அப்கிரேட் பண்ணணுமா, காலி இடத்துல ஒரு கோடு (-) போட்டு ஓட்டலாமா? இப்படி ஓட்டினவங்க யாராவது சொல்லுங்க. ஸ்க்ரீன்ஷாட் வேணும்னா கமெண்ட்ல போடறேன்.