கோத்தகிரியில் ஒரு பழைய மரம்: ஃபிர்ரில் இது எந்த வகை?

கோத்தகிரிக்காரன்: வீட்டுக்குப் பின்னால் ஓங்கி வளர்ந்த ஊசியிலை மரம் ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் 'கிறிஸ்துமஸ் மரம்' என்பார்கள். இங்கே கூம்பாக நிற்கும் எல்லாவற்றுக்கும் அதே பேர்தான். இலை தட்டை, அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடு. ஃபிர் என்கிற ஊசியிலை மர இனத்துக்கு அந்தக் கோடுதான் அடையாளம் என்று படித்தேன். சில்வர் ஃபிர்ராக இருக்குமா? காய் உருண்டையாக மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும். கீழே நிறையக் கிடக்கிறது.

குன்னூர் நர்சரி: கீழே முழுக்காய் கிடக்கிறது என்றால் அங்கேயே ஃபிர் அடிபட்டுப் போச்சு தம்பி. ஃபிர் காய் மேல்கிளைகளில் மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும். முற்றினால் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்து, நடுத்தண்டு மட்டும் மிஞ்சும். முழுசாக விழுவது ஸ்ப்ரூஸ் என்கிற இன்னொரு ஊசியிலை மரத்தின் காய். ஆனால் அதன் ஊசி நாலு பட்டையாக, விரலுக்கிடையில் உருளும். உங்களுடையது தட்டை என்கிறீர்களே. இலை எவ்வளவு நீளம்? குத்துமா?

கொடைக்கானல் வாசி: ஆஸ்திரேலிய ஊசியிலை மரமான புன்யா பைனாக இருக்கப்போகிறது. அதன் இலையும் குத்தும்.

கோத்தகிரிக்காரன்: அஞ்சு சென்டிமீட்டருக்குக் குறையாது, நன்றாகவே குத்துகிறது அண்ணா. நுனியிலிருந்து காம்புப் பக்கம் விரலை இழுத்தால் ஓரம் சொரசொரவென்று இருக்கிறது. தனி இலையாக உதிர்வதில்லை. சிறு கிளையே பழுப்பாகிக் காயோடு விழுந்து தகரக் கூரையின் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுகிறது. சில காய்களின் நுனியைத் துளைத்துக்கொண்டு தளிர்க்கிளை நீண்டிருக்கிறது.

குன்னூர் நர்சரி: அந்தக் கடைசி வரி போதும். இது சைனா ஃபிர், தாவரவியல் பெயர் கன்னிங்ஹாமியா லான்சியோலேட்டா. பேரில்தான் ஃபிர், குடும்பம் சைப்ரஸ். அசல் ஃபிர் என்றால் ஊசி ஒவ்வொன்றாக உதிரும், குச்சியில் வழவழப்பான வட்டத் தழும்பு இருக்கும். புன்யா காய் பல கிலோ தேறும். அது கூரையில் விழுந்திருந்தால் உங்கள் கேள்வியே வேறாக இருந்திருக்கும். சீனாவில் சவப்பெட்டிக்கு இந்த மரத்தைத்தான் தேடுவார்கள்.

மரத்தடியில் பக்கக் கன்றுகள் முளைத்திருக்கிறதா, பாருங்கள்.

கோத்தகிரிக்காரன்: ஆமாம், நாலைந்து நிற்கிறது! அப்படியானால் தாய்மரத்தை வெட்டினாலும் துளிர்க்குமா? கூரைத் தொல்லை தாங்க முடியவில்லை.

குன்னூர் நர்சரி: அடிமரத்திலிருந்து துளிர்க்கும். ஊசியிலை மரங்களில் அது அபூர்வம், பைனை வெட்டினால் கதை முடிந்தது. ஆனால் சொந்த நிலமாக இருந்தாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே பொருந்தும். அனுமதி இல்லாமல் அரிவாளைத் தொடாதீர்கள். முதலில் வனத்துறை அலுவலகத்தில் மனுவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை குழாய் வாயில் கம்பிவலை போட்டுச் சமாளியுங்கள்.