பாதியில் சாம்பலாகும் படங்கள்: சிதறிய துண்டுகளைக் கோக்க வழி உண்டா?

வணக்கம். 64 ஜிபி எஸ்டி கார்டு, எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமை, கிளஸ்டர் (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகு) 128 கேபி. அதிலிருந்து மீட்கும் ஜேபெக் படங்களின் மேல்பகுதி சரி. கீழே நிறம் மாறி, அப்புறம் வெறும் சாம்பல்.

கார்டில் எதுவும் எழுதப்படாதபடி அதன் பூட்டைத் தள்ளி, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியில் முழு இமேஜ் (கார்டின் அச்சு அசலான நகல் கோப்பு) எடுத்தாயிற்று. விண்டோஸின் பிழை சரிபார்ப்பான செக்டிஸ்க் ஓட்டவில்லை (பிழை திருத்தச் சொன்னால் அது கார்டிலேயே எழுதும், வேண்டவே வேண்டாம்). இமேஜின் நகலில் ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்புக் கருவியை ஓட்டியதில் தொடர்ச்சியாக எழுதப்பட்டவை முழுசாக வந்தன. துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் சிதறியவைதான் சிக்கல். ரா ஃபைல்களில் (கேமராவின் பதப்படுத்தாத படக் கோப்புகள்) பொதிந்திருக்கும் ஜேபெக் முன்னோட்டத்தை எக்ஸிஃப்டூல் என்ற கருவியால் உருவியாயிற்று. அந்த மட்டும் லாபம்.

சிதறிய ஜேபெக்கின் அடுத்த கிளஸ்டரைக் கண்டுபிடிக்க, ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் கருவி) ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு கருவி உண்டா? படங்களில் ரீஸ்டார்ட் மார்க்கர் (பிழைக்குப் பின் படத்தை மீண்டும் சரியாகப் படிக்கத் தொடங்க உதவும் குறி) இல்லை; ஒரு கிளஸ்டர் விடுபட்டாலும் மீதி முழுக்கக் குழம்பிவிடுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.