முட்டை வடிவ கியரைக் கையால் சுற்றிய அனுபவம்

மணலியில் ஃபிட்டராக இருக்கிறேன். ஃபர்னஸ் ஆயில், டீசல் அளக்கிற மீட்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு முட்டை வடிவ கியர், ஒன்று நிமிர்ந்து நின்றால் மற்றது படுத்திருக்கும். எண்ணெய் தள்ளத் தள்ள இரண்டும் சுழலும், கியருக்கும் சுவருக்கும் நடுவில் பிறை மாதிரி ஓர் இடம் இருக்கிறதே, அதில் பிடிக்கிற எண்ணெய்தான் அளவு, ஒரு சுற்றுக்கு நாலு பிறை, சுற்றை எண்ணினால் லிட்டர் கணக்கு வந்துவிடும்.

போன மாதம் மகளோடு ஓர் அறிவியல் காட்சிக்கூடம் போனேன். அங்கே கைப்பிடியோடு அதே மாதிரி ஒரு ஜோடி. "அப்பா தினமும் பார்க்கிறதுதான்மா" என்று சொல்லிவிட்டுச் சுற்றினால், கைக்கே தெரிந்துவிட்டது இது வேறு என்று. நான் சீராகத்தான் சுற்றுகிறேன், அந்தப் பக்கத்து கியர் கொஞ்ச நேரம் ஊர்ந்து, திடீரென்று விறுவிறுவென ஓடி, மறுபடி ஊர்கிறது. குனிந்து பார்த்தேன். எங்கள் மீட்டரில் ஷாஃப்ட் நட்டநடுவில் இருக்கும், இதில் ஒரு பக்கமாகத் தள்ளி, நீள்வட்டத்தின் குவியத்தில் இருக்கிறது (நடுவுக்கு இரு பக்கமும் சம தூரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளைத்தான் குவியம் என்கிறார்கள்). அப்படியிருந்தும் பல் விலகவே இல்லை! மகள் பிளஸ் டூ. நீள்வட்டத்தில் எந்தப் புள்ளியிலிருந்தும் இரண்டு குவியங்களுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் ஒரே அளவுதான், இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவில் அதே அளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், அதனால்தான் இரண்டு ஷாஃப்டையும் நகர்த்தாமலே பல் பிடித்துக்கொள்கிறது என்று அவள்தான் விளக்கினாள். 1364இல் இத்தாலியில் தொந்தி என்பவர் முடித்த வானியல் கடிகாரத்திலேயே முட்டை வடிவ கியர் உண்டு. கோள்கள் ஒரே வேகத்தில் நகர்வதாகத் தெரிவதில்லை, அதைச் சக்கரத்திலேயே காட்டியிருக்கிறார்.

இந்த மாதிரி வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணே, என் மாமா தண்டையார்பேட்டையில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். புரொஜெக்டருக்குள் நாலு காடி வெட்டிய நட்சத்திரச் சக்கரம் ஒன்று இருக்கும், ஜெனீவா என்பார்கள். பக்கத்துச் சக்கரத்தின் முள் ஒரு முழுச் சுற்று வந்தால் இது கால் சுற்று திரும்பி அப்படியே நின்றுவிடும். அந்தக் கால் சுற்றில் ஃபிலிம் ஒரு கட்டம் இறங்கும், நொடிக்கு 24 தடவை! அதை ஒரு மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் வைத்திருந்தார்கள், பிள்ளைகள் நிற்காமலே கடந்து போனார்கள், எனக்கு மனசே ஆறவில்லை. மாமா ஒன்றை எண்ணெய் போட்டு இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். மணலியிலிருந்து எவ்வளவு தூரம், ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சுற்றிப் பார்க்கட்டும்.