ஸ்லீவ் ஆப்பரேஷனுக்கு இன்னும் ஐந்து வாரம்: அக்காவுக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

தங்கச்சி_பினாங்கு கேட்டது:

வணக்கம். அக்காவுக்கு 34 வயது, எடை 112 கிலோ, உயரம் 158 செ.மீ. அரசாங்க மருத்துவமனையில், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின் எக்ஸ்ஆர், கிளிக்லசைட், எம்பாக்லிஃப்ளோசின் மூன்றும் எடுக்கிறார். இரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. இரவில் பலமான குறட்டை, அடிக்கடி நெஞ்செரிச்சல். பாயான் லெப்பாஸ் பேக்டரியில், தூசி புகாத கிளீன்ரூமில் வேலை, 12 மணி நேர ஷிப்ட்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் பால், தயிர், புரோட்டீன் மாவு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். இடையில் கொஞ்சம் சோறு சாப்பிட்டால் என்ன ஆகும்? மருந்தெல்லாம் அப்படியே தொடரலாமா? ஆப்பரேஷனுக்குப் பிறகு சில வாரம் கஞ்சியும் ரசமும் போதும் என்கிறார் அம்மா. ஆப்பரேஷன் முடிந்து ஆறாவது வாரம் புரட்டாசி பிறந்துவிடும், வீட்டில் மாதம் முழுக்க சைவம். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

செபராங்_ஜெயா:

தங்கச்சி, முதலில் மருந்து. அதுதான் அவசரம்.

அந்த இரண்டு வார உணவில் ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரிதான் இருக்கும், மாவுச்சத்து மிகக் குறைவு. வழக்கமாகச் சோறு சாப்பிட்டுவந்த நாட்களில் எடுத்த அளவிலேயே கிளிக்லசைட்டை விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். எம்பாக்லிஃப்ளோசினில் சிக்கல் வேறு மாதிரி. மாவுச்சத்து இல்லாத உடம்பில் அந்த மருந்து இருந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறலாம். கொடுமை என்னவென்றால், அப்போது குளுக்கோமீட்டர் நல்ல அளவையே காட்டிக்கொண்டிருக்கும். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு இவைதான் அடையாளம். சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆப்பரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இந்த மருந்தை நிறுத்துவார்கள். இரண்டு வார உணவு தொடங்கும் அன்றே நிறுத்தச் சொல்லும் டாக்டர்களும் உண்டு.

ஆகவே உணவு தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் ஒரு தாள் எழுதி வாங்குங்கள்: எந்த மாத்திரை, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு. வாய்வார்த்தை போதாது. வார்டில் ஒருவர், கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் ஒருவர், மருந்தகத்தில் ஒருவர் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும்போது அந்தத் தாள்தான் காப்பாற்றும். இரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். குறைவாகச் சாப்பிடும் நாட்களில் எழுந்து நின்றால் தலை சுற்றும். இந்த இரண்டு வாரமும் தினம் மூன்று நான்கு வேளை சர்க்கரை பார்க்க வேண்டும். 4.0 mmol/Lக்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அந்தச் சீனி பத்தியத்தை முறித்துவிடுமே என்று தயங்கவே கூடாது.

இனி சோறு. ஈரலின் இடப்பக்கம் இரைப்பையின் மேல் படிந்து கிடக்கிறது. இனிப்பு நீரும் உடல் பருமனும் உள்ளவர்களுக்கு அதில் கொழுப்பு ஏறி, கனத்து, தொட்டால் கிழியும் பதத்தில் இருக்கும். சர்ஜன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வேலை செய்ய வேண்டும். தூக்க முடியாவிட்டால் இரத்தம் கசியலாம். வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரலாம், அல்லது ஒன்றும் செய்யாமலே மூடிவிடலாம். மாவுச்சத்தைக் குறைத்தால் ஈரல் தேக்கி வைத்த சர்க்கரையும் அதோடு சேர்ந்த நீரும் முதலில் வெளியேறும், பிறகு கொழுப்பு கரையும். கடைசி இரண்டு மூன்று நாளில் ‘இனிமேல் சாப்பிட முடியாதே’ என்று நாசி கண்டார் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டால் அந்தச் சர்க்கரையும் நீரும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். வழியனுப்பு விருந்து வைக்க நினைக்கும் உறவினர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை செய்தாயிற்றா? தூக்கத்தில் மூச்சு நிற்பது உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவியை ஆப்பரேஷனுக்குச் சில வாரம் முன்பே போட்டுப் பழக வேண்டும். வார்டுக்குப் போகும்போது முகமூடியோடு எடுத்துப் போகணும்.

நெஞ்செரிச்சலை லேசாக விடாதீர்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், திரும்ப வைக்க முடியாது. மிஞ்சும் குழாயில் அழுத்தம் கூடுவதால் சிலருக்கு அமிலம் மேலே ஏறுவது அதிகமாகும். வாய்வழிக் கேமரா சோதனை முடிந்திருந்தால் உணவுக்குழாயில் புண் இருந்ததா, எச்.பைலோரி கிருமி இருந்ததா என்று கேளுங்கள். புண் கடுமையாக இருந்தால், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் ஆப்பரேஷன் பொருத்தமா என்பதைத் தேதிக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

பத்திய_அளவு:

அம்மாவின் கஞ்சியைப் பற்றி நான் சொல்கிறேன். அன்போடு கொடுப்பதைத் தட்டிக் கழிப்பது சிரமம்தான், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. கஞ்சி மாவுத் தண்ணீர். ரசத்திலும் பருப்புத் தண்ணீரிலும் புரதம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். உள்ளே போகும் அளவோ சில மேசைக்கரண்டிதான். அந்த இடத்தைக் கஞ்சி பிடித்துக்கொண்டால் உடம்பு தன் தசையைத்தான் கரைக்கும்.

மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு மாறும். பொதுவாக முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர், இரண்டு வாரம் வரை பால் போன்ற திரவம், மூன்றாம் நான்காம் வாரம் மசித்தது, ஐந்தாம் ஆறாம் வாரம் மென்மையானது, அதன் பிறகு வழக்கமான உணவு.

திரவ வாரங்களில் 30 மில்லி மருந்துக் குவளை ஒன்று போதும். கால் மணிக்கு ஒரு குவளை, வாய் வாயாக. மணிக்கு 120 மில்லி, விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். 250 மில்லி கொழுப்பு நீக்கிய பாலில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்மாவு கலந்தால் 8 கிராம் புரதம் ஏறக்குறைய 13 ஆகும். மைலோ, கண்டென்ஸ்ட் மில்க் சேர்த்த தே தாரிக் இரண்டும் திரவம் என்ற பெயரில் வரும் சீனி. விட்டுவிடுங்கள்.

மசித்தது என்றால் கட்டியில்லாத பதம். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனை வேகவைத்து, முள் நீக்கி, மீன் வெந்த நீரையே கொஞ்சம் விட்டு பிளெண்டரில் அடித்து, கம்பி வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து இறக்குங்கள். வடிகட்டியில் நார் தங்கினால் அதைக் கொடுக்க வேண்டாம். பருப்பை நீராக இல்லாமல் கெட்டியாக மசித்து, கூடவே மென்மையான தௌஃபூ, முட்டை. காரமும் புளியும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

மென்மையான உணவுக்கு வந்ததும் சிக்குவது எது தெரியுமா? காய்ந்த கோழி நெஞ்சுக்கறி, டோஸ்ட் செய்யாத ரொட்டி, குழைந்த சோறு, ஆறிப்போன இட்லி. நெஞ்சுக்குழியில் அடைத்தது போல வலிக்கும், வாயில் நுரையாக எச்சில் ஊறும். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்கக் கூடாது. நிறுத்திவிட்டு மெல்ல நடந்தால் பெரும்பாலும் தானாக இறங்கும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முடிந்து அரை மணி கழித்துத்தான். ஒரு வேளைக்கு 20 நிமிடமாவது ஆகட்டும். தேக்கரண்டியால் சாப்பிட்டால் வேகம் தானாகக் குறையும்.

தங்கச்சி_பினாங்கு:

மிக்க நன்றி. கஞ்சி விஷயம் அம்மாவுக்கு இன்றே சொல்கிறேன். ஆப்பரேஷனுக்குப் பிறகு வாந்தி எடுப்பது சகஜம் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? மல்டிவைட்டமின் எவ்வளவு காலத்துக்கு?

கெர்னி_வார்டு:

சகஜம் என்று சொன்னவர் தயவுசெய்து இனி அப்படிச் சொல்ல வேண்டாம். வேகமாகச் சாப்பிட்டு ஒரு முறை வெளியே வருவது வேறு. தண்ணீர்கூட 24 மணி நேரம் நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடம்பில் தயாமின் எனும் பி1 சத்தின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். வாந்தி தொடர்ந்தால் அது தீர்ந்து, பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். அவசரப் பிரிவில் ‘பேரியாட்ரிக் (எடை குறைப்பு) ஆப்பரேஷன் ஆனவர், பல நாளாக வாந்தி’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன்னால் தயாமின் போக வேண்டும், இல்லையென்றால் மிச்சமிருப்பதும் செலவாகிவிடும்.

முதல் இரண்டு வாரத்தில் இன்னும் சில அறிகுறிகள். ஓய்வில் நாடித் துடிப்பு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது: தையல் கசிவாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

வைட்டமின் ஆயுளுக்கும். எடை குறைந்து, உடம்பு நன்றாக இருக்கும் இரண்டாம் மூன்றாம் வருடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு உண்மையான கவலை அந்த வருடங்களைப் பற்றித்தான். குறைபாடு சத்தமில்லாமல் வரும்.

தினசரி மல்டிவைட்டமின் தவிர, பி12 ஒரு நாளைக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் வாய்வழி அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி. மெட்ஃபோர்மினும் பி12ஐக் குறைக்கும் என்பதால் அக்கா இதில் தவறவே கூடாது. வைட்டமின் டி 3000 யூனிட், அளவு இரத்தப் பரிசோதனைப்படி மாறும். மாதவிலக்கு வரும் பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மி.கி. கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து 1200 முதல் 1500 மி.கி. மருந்தகத்தில் கேட்டால் பெரும்பாலும் கார்பனேட் வகையை நீட்டுவார்கள், அது கரைய வயிற்றமிலம் வேண்டும். சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள், ஒரு வேளைக்கு 500 முதல் 600 மி.கி.க்கு மேல் உடம்பு ஏற்காது. இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி தேவை. இரும்பு மாத்திரையைத் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்த வாயோடு போடாதீர்கள். முதல் வருடம் 3, 6, 12 மாதங்களில் இரத்தப் பரிசோதனை, பிறகு வருடம் ஒரு முறை.

பேனல் கிளினிக்கில் மாதவிலக்கு வலிக்கும் முதுகு வலிக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் பொன்ஸ்டன், வோல்டாரன், புரூஃபன் மூன்றும் இனி வேண்டாம், பேனடால் போதும். பைபாஸில் இது கட்டாயம், ஸ்லீவிலும் தவிர்ப்பதே நல்லது. மெட்ஃபோர்மின் எக்ஸ்ஆர் மெதுவாகக் கரையும் மாத்திரை, விழுங்கச் சிரமம் என்று அதை நசுக்கக் கூடாது. சாதாரண மெட்ஃபோர்மினாக மாற்றித் தரக் கேளுங்கள்.

அக்காவுக்கு 34 வயது என்பதால் இன்னொன்று. எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். என்ன கருத்தடை என்பதை ஆப்பரேஷனுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். மூன்றாம் நான்காம் மாதம் பலருக்கு முடி கொட்டும். புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும்.

பாலிக்_பூலாவ்:

வேலை விஷயத்தை யாரும் தொடவில்லை. துளை வழி ஆப்பரேஷன் என்றால் இரண்டு மூன்று நாளில் வீடு. ஆனால் நான்கு முதல் ஆறு வாரத்துக்குக் கனமானதைத் தூக்கக் கூடாது, பெட்டி சுமக்கும் லைனில் இருந்தால் மாற்றிக் கேட்க வேண்டும். பெரிய தடை கிளீன்ரூம்தான். உள்ளே தண்ணீர் போத்தல் கொண்டுபோக முடியாது, கவுனைக் கழற்றி மாட்டவே பத்து நிமிடம் போகும். 12 மணி நேரத்தில் இரண்டு பிரேக் மட்டும் என்றால் ஒன்றரை லிட்டர் உள்ளே போகாது. பிரேக்கில் மொத்தமாகக் குடிக்கவும் இந்த வயிறு இடம் தராது. எம்.சி. (மருத்துவ விடுப்பு) எழுதும்போதே சர்ஜனிடம் தனிக் கடிதம் கேளுங்கள்: முதல் மூன்று மாதத்துக்கு மணிக்கொரு முறை குடிக்க வெளியே வர அனுமதி, அல்லது கிளீன்ரூமுக்கு வெளியே தற்காலிக வேலை. நோயைப் பற்றி சூப்பர்வைசருக்கு விளக்கத் தேவையில்லை, தேவை என்ன என்பது மட்டும் கடிதத்தில் இருந்தால் போதும்.

பத்திய_அளவு:

புரட்டாசிக்கு வருகிறேன். சைவமாக இருக்கலாம், கணக்கு மட்டும் தவறக் கூடாது. தெம்பே (புளிக்கவைத்த சோயா) 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். ஆனால் ஆறாவது வாரத்தில் அந்த அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துத்தான் சாப்பிட முடியும், எண்ணெயில் பொரிக்காமல் ஆவியில் வேகவைத்து மசாலாவில் பிரட்டுங்கள். கெட்டித் தௌஃபூ 100 கிராமுக்கு ஏறக்குறைய 10. வெந்த பருப்பு அரைக் கப்புக்கு 9. பால்மாவு கலந்த பால் இரண்டு வேளை 26. மொத்தம் 64 வருகிறது. ஏதாவது ஒன்று இறங்கவில்லையென்றால் புரோட்டீன் மாவால் ஈடுகட்டுங்கள். வீட்டில் முட்டை சேர்ப்பார்கள் என்றால் ஒன்றுக்கு 6 கிராம். சனிக்கிழமை ஒரு வேளை உபவாசம் இருக்கும் வழக்கம் இருந்தால் இந்த வருடம் வேண்டாம், தண்ணீரும் புரதமும் ஒரே நாளில் அடிபடும்.

அடுத்து தீபாவளி வரும். முறுக்கும் ஓமப்பொடியும் வாயில் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிறைந்ததாகவே தெரியாது. ஸ்லீவ் செய்தும் எடை ஏறுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சோற்றை விட இப்படிக் கொறிப்பதுதான் அதிகம் இருக்கும். குலாப் ஜாமூன் போன்றவை சிலருக்கு அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு கொண்டுவரும். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்வதும் உண்டு. முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் மட்டும் பலகாரத்தில் ஒரு துண்டு.

தொடக்கத்தில் வேகமாக இறங்கும் எடை மூன்றாம் வாரம் வாக்கில் பலருக்கு அப்படியே நிற்கும். அக்கா பயந்து சாப்பாட்டைக் குறைக்கப் பார்ப்பார், விடாதீர்கள். வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம் எடை பார்த்தால் போதும்.