டிரைசூட்: நியோப்ரீனா, டிரைலாமினேட்டா?

அலைவாசி

வணக்கம். ஆறு வருடமாக 7 மில்லிமீட்டர் வெட்சூட்டில்தான் (தண்ணீர் உள்ளே புகும் நியோப்ரீன் உடை) டைவ் செய்கிறேன். நான் இறங்குவது பெரும்பாலும் 8 முதல் 12 டிகிரி நீரில், 18 முதல் 30 மீட்டர் ஆழம். அன்றைய முதல் டைவை எப்படியோ ஓட்டிவிடுவேன். இரண்டாவதில் இருபது நிமிடம் தாண்டினால் விரல் மரத்துப்போகும், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று பார்க்கக்கூடச் சோம்பலாக இருக்கும். போன மாதம் கூட்டாளி காட்டிய சைகையை இரண்டு முறை தப்பாகப் புரிந்துகொண்டேன். மேலே வந்ததும் முடிவு செய்துவிட்டேன், இனி தண்ணீரே உள்ளே புகாத டிரைசூட்தான்.

இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று அழுத்திச் செய்த நியோப்ரீன்: முதுகில் பித்தளை ஜிப், காலோடு ஒட்டிய பூட்ஸ், கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரைத் தடுக்கும் லேடெக்ஸ் சீல். இன்னொன்று டிரைலாமினேட்: மார்புக்குக் குறுக்கே பிளாஸ்டிக் ஜிப், வளையத்தில் மாட்டி மாற்றக்கூடிய சிலிக்கோன் சீல். கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை. காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நீர்க்காகம்

டிரைலாமினேட்தான்.

நியோப்ரீன் என்பது நுண்ணிய வாயுக்குமிழிகள் நிறைந்த ரப்பர். சூட்டைக் காப்பது அந்தக் குமிழிகள். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல 4 மடங்கு. குமிழிகள் நசுங்கும், உடை மெலியும், அதோடு மிதப்பும் குறையும். எங்கே குளிர் அதிகமோ அங்கே பார்த்துக் கைவிடும் உடை அது.

டிரைலாமினேட்டில் இரண்டு துணிகளுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர் படலம் ஒன்று, அவ்வளவுதான். தண்ணீரை வெளியே நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. சூடு முழுக்க உள்ளுடையிலும் அது பிடித்துவைத்திருக்கும் வாயுவிலும் இருக்கிறது. ஆழம் கூடக் கூட நாம் சிலிண்டரிலிருந்து உடைக்குள் வாயு சேர்த்துக்கொண்டே போவதால் உள்ளுடை உப்பலாகவே நிற்கும். 8 டிகிரிக்குத் தடித்த உள்ளுடை, 15 டிகிரிக்கு மெல்லியது, சூட் ஒன்றேதான். தொங்கவிட்டால் சீக்கிரம் காய்ந்தும்விடும்.

குளிர்நீர்

நீர்க்காகம் சொன்னது சாதாரண நுரை நியோப்ரீனுக்குச் சரி. அலைவாசி கேட்டது அழுத்திய நியோப்ரீன். தயாரிக்கும்போதே அதன் குமிழிகளை ஓரளவு நசுக்கிவிடுகிறார்கள், அதனால் ஆழத்தில் அது மேலும் மெலிவது குறைவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 6 டிகிரி நீர், 24 மீட்டர். முதுகு ஜிப்பை மூடிவிட்டவர் கடைசி இரண்டு விரற்கடையை விட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை. இறங்கும்போது தோள்பட்டைக்குக் கீழே ஒரு கோடு போலக் குளிர் ஊர்ந்தது. வியர்வை என்று நினைத்தேன். அடியில் போய்த் திரும்பியபோது இடுப்பு வரை நனைந்திருந்தது, பிறகு தொடை, பிறகு பூட்ஸுக்குள் தண்ணீர் சலசலத்தது. உடனே மேலே கிளம்பினோம். பாதுகாப்பு நிறுத்தமாக 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றேன். பல் கிட்டித்தது, ஆனால் கை சொன்னபடி கேட்டது, மிதப்பும் என் கட்டுப்பாட்டில் இருந்தது. நியோப்ரீன் நனைந்தாலும் கொஞ்சம் சூட்டையும் மிதப்பையும் தன்னிடம் வைத்திருக்கும். டிரைலாமினேட் உடையில் இதே நடந்தால் மிஞ்சுவது நனைந்த உள்ளுடை மட்டும். நீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும் என்பதை அன்றைக்கு முதுகில் உணர்ந்தவன் நான்.

நீந்தும்போது உள்ள வித்தியாசமும் உண்டு. நியோப்ரீன் நீளும், உடம்போடு ஒட்டி வரும். டிரைலாமினேட் நீளாது, அதனால் தொளதொளவென்று வெட்டியிருப்பார்கள், தண்ணீரில் இழுக்கும்.

நீர்க்காகம்

அந்த டைவிலிருந்து நீங்கள் பத்திரமாக வந்தது மகிழ்ச்சி. ஆனால் நீங்களே சொன்ன காரணத்தைப் பாருங்கள், முதுகில் இருந்த ஜிப். தன் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், அடுத்தவர் கையை நம்பி மூடிய ஜிப். மார்பில் இருந்திருந்தால் நீங்களே மூடி, விரலால் தடவி, முடிந்ததா என்று பார்த்திருப்பீர்கள். நனைந்த பிறகு எது காப்பாற்றும் என்று யோசிப்பதைவிட நனையாமல் இருக்க எது உதவும் என்று யோசிப்பது மேல்.

உள்ளுடை விஷயத்திலும் எல்லாம் ஒன்றல்ல. செயற்கை இழை நனைந்தாலும் ஓரளவு உப்பலாக நிற்கும். பருத்திதான் ஆபத்து. தண்ணீர் புக வேண்டும் என்றுகூட இல்லை, நம் வியர்வையையே குடித்துவிட்டு ஈரத்துணியாக உடம்பில் ஒட்டிக்கொள்ளும். தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள், பருத்தி பனியன் மட்டும் வேண்டாம்.

ஊசிநூல்

நான் சூட் பழுதுபார்ப்பவன். என் மேசைக்கு வருவதை வைத்துப் பேசுகிறேன்.

துணி கிழிந்து வருவது அபூர்வம். மணிக்கட்டு சீல், கழுத்து சீல், ஜிப்பின் இரண்டு முனைகள், தொடை இடுக்குத் தையல். திரும்பத் திரும்ப இவைதான். ஆகவே நியோப்ரீனா டிரைலாமினேட்டா என்று கேட்கும் நேரத்தில் பாதியையாவது சீலுக்கும் ஜிப்புக்கும் கொடுங்கள்.

லேடெக்ஸ் மென்மையாகப் பிடிக்கும், கையால் இழுத்தால் நன்றாக நீளும். ஆனால் வெயில், ஓசோன், தோலின் எண்ணெய், சன்ஸ்கிரீன் எல்லாம் அதைத் தின்னும். சாகப்போகும் லேடெக்ஸைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். விரல் ரேகை அப்படியே பதிந்து, எடுக்கும்போது வெல்லப்பாகு போல இழுத்தால் அது போய்விட்டது, அடுத்த டைவுக்கு முன்பே மாற்றுங்கள். சிலிக்கோனுக்கு இந்த அழுகல் இல்லை, லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அது நல்லது. ஆனால் ஒரு நகக்கீறல் பட்டால் போதும், கீறல் ஓடிக் கிழிந்துவிடும். பசை போட்டு உடையில் ஒட்டவும் முடியாது, வளையம் வேண்டும். அந்த வளையமே வசதியும் கூட. கரையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் புதுசை மாட்டலாம். பையில் எப்போதும் ஒரு ஜோடி உபரி வைத்திருங்கள்.

பித்தளை ஜிப்புக்கு எதிரி மடிப்பு. சூட்டைச் சுருட்டும்போது ஜிப் கூர்மையாக மடிந்தால் ஒரு பல் விலகும், அங்கிருந்து கசியும். பல் துலக்கும் பிரஷால் மணலை எடுத்துவிட்டு வெளிப்பக்கம் மெழுகு தடவுங்கள். பிளாஸ்டிக் ஜிப் நன்றாக வளையும், எடையும் குறைவு. அதற்கு மெழுகு கூடாது, மூடி நிற்கும் முனையில் துளி சிலிக்கோன் கிரீஸ்.

குளிர்நீருக்கு ஒரு வார்த்தை. நியோப்ரீனில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் எனக்குப் பெரிய தலைவலி. தண்ணீர் வெளியே ஓரிடத்தில் நுழைந்து, நுரைக்குள்ளேயே நடந்து, உள்ளே வேறு ஓரிடத்தில் வரும். நனைந்த இடத்தில் தேடினால் ஓட்டை இருக்காது. டிரைலாமினேட்டில் சீல்களை அடைத்து, காற்றடைத்து, சோப்புநீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்திலேயே குமிழி வரும்.

குளிர்நீர்

பழுது விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆழத்தில் மெலிவது பெரிய குறை என்பதை அப்படியே ஏற்க முடியாது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறதே. அடியில் குளிர்ச்சியாகவும் ஏறும்போது சூடாகவும் இருந்தவர்களுக்கு டீகம்ப்ரஷன் நோய் (ஏறும்போது உடம்பில் கரைந்த வாயு குமிழியாவதால் வருவது) மிகக் குறைவாக வந்தது. அடியில் சூடாக இருந்து ஏறும்போது குளிர்ந்தவர்களுக்கு அதிகமாக வந்தது. நியோப்ரீன் அடியில் மெலிந்து, ஏற ஏறப் பழையபடி தடிக்கிறது. உடம்புக்கு வேண்டியதும் அந்த வரிசைதானே?

வெண்சங்கு

குளிர்நீர் ஐயா, அந்த ஆய்வை இந்த விவாதத்துக்குள் கொண்டுவருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதில் "குளிர்" என்று வைத்த நீர் சுமார் 27 டிகிரி, "சூடு" என்றது சுமார் 36. நாம் பேசுவது 8 டிகிரி. 30 மீட்டரில் உறைந்துபோனவருக்கு 5 மீட்டரில் உடை தடித்து என்ன பயன்? அது புதிதாகச் சூட்டை உண்டாக்காது, உடம்பில் மிஞ்சியதைத்தான் காக்கும். மரத்த விரலோடு ஒருவர் தவறான வால்வைத் திருகுவதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஏறும்போது குளிரக்கூடாது என்பதுதான். மின்சாரத்தில் சூடாகும் வெஸ்ட் வைத்திருப்பவர்கள் அடியிலேயே முழுச்சூட்டில் போட்டு, பாட்டரி தீர்ந்து, ஏறும்போது நடுங்குகிறார்களே, அவர்கள்தான் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

அலைவாசி, எந்தத் துணியானாலும் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். போட்டுப் பார்ப்பதென்றால் நீங்கள் போடப்போகும் மிகத் தடித்த உள்ளுடையோடு. முழுக்கக் குந்துங்கள். இரண்டு கையையும் குறுக்கே போட்டு எதிர்த் தோளைப் பிடியுங்கள். பிறகு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால் அந்த உடை உங்களுக்கு இல்லை, விலை எப்படி இருந்தாலும் சரி.

கழுத்து சீல் தண்ணீர் புகாமல் இருந்தால் போதும், நெரிக்கக்கூடாது. கழுத்துத் தமனியின் மேல் தொடர்ந்து அழுத்தம் விழுந்தால் இதயத்துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். போட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முகம் சூடாகி, தலை லேசானால் உடனே கழற்றுங்கள், பழகிவிடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

பூட்ஸும் அப்படித்தான். பெரிதாக இருந்தால் வாயு அங்கே போய்த் தேங்கும், கால் மேலே தூக்கும், ஃபின் கழன்று போகும். தலைகீழாக நின்றால் வாயு தோளில் உள்ள வெளியேற்று வால்வுக்கு வராது, நீங்கள் மேலே போய்க்கொண்டே இருப்பீர்கள். எனக்குப் பிடித்தது மெல்லிய சாக்ஸ் வைத்த சூட், அதன்மேல் தனியாகக் கட்டும் பூட்ஸ்.

நீர்க்காகம்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உடைக்குள் விடும் வாயு, உடை உடம்பைக் கவ்வாமல் இருப்பதற்கும் கதகதப்புக்கும் மட்டும். மிதப்பை பிசிடியில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) பாருங்கள்.

குளிர்நீர்

இதில் என் பழக்கம் வேறு. ஒற்றைச் சிலிண்டர், சரியான அளவு ஈய எடை என்றால் சூட் ஒன்றிலேயே மிதப்பைப் பார்த்துக்கொள்ளலாம், கவனிக்க வேண்டிய வாயு ஒரே இடத்தில் இருக்கும். சில பயிற்சிகளில் இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். எடை கூடிய இரட்டைச் சிலிண்டருக்கு நீங்கள் சொல்வது சரி. சூட்டில் அவ்வளவு வாயு இருந்தால் அது உடம்பைச் சுற்றி ஓடும்.

அலைவாசி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டையும் தடித்த உள்ளுடையோடு போட்டுப் பார்த்தேன்.

நியோப்ரீன் போட்டதும் இதமாக இருந்தது, குந்தினால் கூடவே வந்தது, குளிர்நீர் சொன்னது புரிந்தது. ஆனால் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் காது மட்டத்தில் நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றேன். டிரைலாமினேட்டில் கை வால்வு வரை போனது, பாதத்தில் மட்டும் இரண்டு விரல் இடம். அளவெடுத்துத் தைத்த டிரைலாமினேட், சாக்ஸ், தனி பூட்ஸ் என்று சொல்லிவிட்டேன்.

கேள்வி ஒன்று. நான் எப்போதாவது ட்ரைமிக்ஸ் (ஹீலியம் கலந்த சுவாச வாயு) பக்கம் போனால் உடைக்குள்ளும் அதே வாயுவை விடலாமா?

வெண்சங்கு

வேண்டாம். ஹீலியம் காற்றைவிட சுமார் 6 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். தனியாக ஒரு சிறு சிலிண்டரில் காற்றோ ஆர்கானோ வையுங்கள். ஆர்கான் கடத்தும் சூடு காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் நல்ல உள்ளுடையால் வரும் பலனுக்கு அது ஈடாகாது.

குளிர்நீர்

கை எட்டாத உடையை நானும் பரிந்துரைக்க மாட்டேன். முதல் சில டைவுகளை ஆழமில்லாத இடத்தில், தெரிந்தவர் ஒருவரோடு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆழம் குறைவு என்று அசட்டையாக இருக்காதீர்கள். 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் சூட்டில் உள்ள வாயு இரண்டு மடங்காகும். கால் மேலே தூக்கிக்கொண்டால் முழங்காலை மார்போடு மடக்கி, முன்புறமாக உருண்டு நிமிர்ந்து, இடது முழங்கையைத் தூக்கி வாயுவை விடுங்கள். யோசிக்காமல் வரும் வரை செய்யுங்கள்.

அலைவாசி

கண்டிப்பாக. ஊசிநூல் அண்ணா, சிலிக்கோன் சீலில் கை நுழைக்க ஏதாவது முறை உண்டா? நேற்றே கிழித்துவிடுவேனோ என்று பயந்தேன்.

ஊசிநூல்

மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மணிக்கட்டை நனைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விரலையும் குவித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையை மெல்லத் தள்ளுங்கள். சீலை விரல்நுனியால் பிடித்து இழுக்கவே கூடாது. கழற்றும்போது மறுகையின் இரண்டு விரலை மணிக்கட்டோடு ஒட்டி உள்ளே நுழைத்து, சீலை அகட்டிப் பிடித்துக் கையை உருவுங்கள்.