பழம் சேர்த்தால் ஓட்ஸ் கஞ்சி திரிகிறது, சில நாள் கசக்கிறது: என்ன செய்யலாம்?

காலைவெயில்:
வணக்கம். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவது கஞ்சி வைக்கும் நாட்களில்தான். அதனால் இதை விட மனமில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நான் செய்யும் முறை: 3 கப் பால் கொதித்ததும் 1 கப் ரோல்டு ஓட்ஸ், ஒரு சிட்டிகை உப்பு. சிறு தீயில் வெந்து கெட்டியாகும்போது நறுக்கிய பழத்தைப் போட்டு ஒரு கொதி விடுவேன். வாழைப்பழம், ஆப்பிள் என்றால் ஒரு குறையும் இல்லை. ஸ்ட்ராபெர்ரி போடும் நாளில்தான் கஞ்சி ஓரமெல்லாம் நீர் விட்டு, நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி நிற்கிறது. அன்னாசி போட்டால் வேறு தொல்லை. முதலில் சாப்பிடுகிறவர்களுக்கு நன்றாக இருக்கிறது. கடைசியாக வருகிறவரின் கிண்ணம் கசக்கிறது. பால் புதியதுதான், காய்ச்சும்போது திரியவில்லை. அப்படித் திரிந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்றும் பயமாக இருக்கிறது.

மரக்கரண்டி:
முதலில் பயத்தை விடுங்கள். பழத்தின் புளிப்பால் திரிந்த பால் கெட்டுப்போன பால் அல்ல. பனீர் செய்யும்போது எலுமிச்சை பிழிந்து நாமே திரிய வைக்கிறோமே, அதே வேலைதான் உங்கள் பாத்திரத்திலும் நடக்கிறது. பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

ஒரு கேள்வி. அன்னாசி புதிதாக நறுக்கியதா, டின்னில் வந்ததா? அதையும் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுகிறீர்களா?

காலைவெயில்:
புதிதாக நறுக்கியதுதான். அன்னாசியை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு போட்டுக் கிளறி மூடி வைப்பேன். வெந்தால் மணம் போய்விடும் என்று நினைத்தேன்.

மரக்கரண்டி:
அப்படியானால் உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

ஸ்ட்ராபெர்ரி விஷயம் புளிப்பு. பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம், பிஎச் அளவு (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 4.6-ஐ ஒட்டி இறங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். பால் சூடாக இருந்தால் அவ்வளவு புளிப்புகூடத் தேவையில்லை, சீக்கிரமே திரிந்துவிடும். கொதிக்கும் பாலில் புளிப்புப் பழத்தைப் போட்டு இன்னொரு கொதியும் விட்டால் திரியாமல் என்ன செய்யும்?

அன்னாசியில் புளிப்போடு புரோமெலைன் என்ற நொதியும் இருக்கிறது. அது புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். பால் புரதம் அப்படி உடைந்தால் வரும் துண்டுகள் சில கசக்கும். இறக்கி வைத்த கஞ்சியின் இளஞ்சூடு அந்த நொதிக்கு மிகவும் தோதானது. நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். அதனால்தான் கடைசிக் கிண்ணத்துக்கு மட்டும் அந்தக் கதி. நன்றாகக் கொதித்தால் நொதி செயலிழந்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதில் இந்தத் தொல்லை வராது. ஃப்ரீசரில் வைத்த பழத்தை நம்பாதீர்கள், குளிரில் நொதி அழியாது. கிவிப் பழமும் இதே ரகம்தான்.

மாற்ற வேண்டியது வரிசையை மட்டும். ஓட்ஸை 2 கப் தண்ணீரில் வேக வையுங்கள். வெந்து குழைந்த பிறகு தீயைக் குறைத்து, காய்ச்சிய பால் ஒரு கப் ஊற்றிச் சூடேறினால் போதும், கொதிக்க வேண்டாம். புளிப்புப் பழத்தைத் தனி வாணலியில் ஒரு கரண்டி சர்க்கரையோடு வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். சற்று நேரத்தில் துண்டுகளின் ஓரம் பளபளத்து, தானாகவே சாறு விட்டு நுரைக்கும். பெரிய குமிழிகள் மெதுவாக வெடிக்க ஆரம்பித்து, கரண்டியின் முதுகில் சாறு ஒட்டி நின்றால் இறக்கலாம். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு இதை மேலே வையுங்கள். கிளற வேண்டாம், சாப்பிடுகிறவர் ஓரத்திலிருந்து கலந்துகொள்ளட்டும்.

அடுப்பங்கரை:
இவ்வளவு எதற்கு? ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் புளிப்பு அடங்கிவிடும், பால் திரியாது.

மரக்கரண்டி:
திரியாது என்பது சரி, நண்பரே. ஆனால் ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பு புளிப்பில்தான் நிற்கும். சோடா பட்டால் மங்கி, ஊதாவும் சாம்பலுமாகப் போகும். கொஞ்சம் கூடினால் சோப்பு வாடை வேறு. பழம் போடுவதே அந்தப் புளிப்புக்கும் நிறத்துக்கும்தானே? அதைக் கொன்றுவிட்டு என்ன சாப்பிடுவது? நான் போட மாட்டேன்.

தானியப்பெட்டி:
மரக்கரண்டி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாப் பழத்துக்கும் தனி வாணலி வேண்டாம். ஆப்பிளை ஓட்ஸோடு சேர்த்தே தண்ணீரில் போடலாம், இரண்டும் சேர்ந்து குழையும். உலர் திராட்சையும் அப்படித்தான். அதிலும் புளிப்பு உண்டு, பால் ஊற்றுவதற்கு முன்பே வெந்து உப்பிவிட்டால் நல்லது. வாழைப்பழம் கடைசியில். பாதியை மசித்துக் கலந்தால் சர்க்கரையே தேவைப்படாது.

அப்புறம், ஓட்ஸை வேக வைக்கும் முன் வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுத்துப் பாருங்கள். தண்ணீரில் வெந்தால் சப்பென்று இருக்குமோ என்ற கவலை போய்விடும். தட்டையாக்காமல் துண்டாக நறுக்கிய ஸ்டீல் கட் ஓட்ஸ் என்றால் கணக்கு வேறு: 1 கப்புக்கு 3 முதல் 4 கப் தண்ணீர், 20 முதல் 30 நிமிடம்.

காலைவெயில்:
செய்து பார்த்தேன். மிக்க நன்றி! ஸ்ட்ராபெர்ரி கஞ்சி திரியவே இல்லை, மேலே சிவப்பாக நின்றது. அன்னாசியும் கசக்கவில்லை. வெந்ததால் மணம் கொஞ்சம் குறைந்தது உண்மை, ஆனால் இனிப்பு கூடியிருக்கிறது.

இன்னும் ஒன்று. கடைசியாகச் சாப்பிட வருகிறவருக்குக் கஞ்சி கல் மாதிரி இறுகிவிடுகிறது. அதற்கும் வழி உண்டா?

தானியப்பெட்டி:
உண்டு. ஓட்ஸ் இறக்கிய பிறகும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆற ஆற மாவுச்சத்தும் இறுகும். இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும் என்று தோன்றுகிறதே, அதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். மூடி வையுங்கள். தாமதமாக வருகிறவருக்குச் சுடுதண்ணீரோ சுடுபாலோ சிறிது சிறிதாக ஊற்றி, கரண்டியால் அழுத்தி உடைக்காமல் ஓரத்திலிருந்து மெல்லக் கலக்குங்கள்.

புதுஅடுப்பு:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் நேர்மாறு. குழந்தை பாதி சாப்பிட்டு வைத்த கஞ்சி, கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிடுகிறது. பாத்திரத்தில் இருப்பது அப்படியே கெட்டியாக இருக்கிறது. ஓட்ஸ் சரியில்லையா?

மரக்கரண்டி:
ஓட்ஸில் குறை இல்லை. எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது, அது மாவுச்சத்தைக் கரைக்கும். வாயில் வைத்த கரண்டி திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குப் போகும்போது அங்கேயே செரிமானம் தொடங்கிவிடுகிறது. அந்த மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள். முதலிலேயே கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள். பாத்திரத்தில் இருப்பதைச் சுத்தமான கரண்டியால் எடுங்கள். அது மிஞ்சினால் 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம்.

குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் இனிப்புக்குத் தேன் சேர்க்கவே வேண்டாம். கஞ்சியில் கொதிக்க வைத்தாலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டில் சாகாது. திராட்சைப் பழம் கொடுத்தால் முழுதாகப் போடாமல் நீளவாக்கில் நான்காக வெட்டிப் போடுங்கள், தொண்டையில் அடைக்காது.